வீட்டுக்கொரு படகு

புடவைக் கடைக்குள் நுழைந்து, வாங்கும் உத்தேசம் கொஞ்சமும் இல்லாமல், பத்துப் பட்டுப் புடவைகளைப் பிரித்துக் காட்டச் சொல்லி, "கரை இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தால் தேவலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறீர்களா? வந்திருப்பீர்கள். நானும் வந்திருக்கிறேன். ஆகையால் என் மாமாவைப் பார்த்து நீங்கள் சிரிக்கக் கூடாது. அவருக்குப் புடவைக்குப் பதில் படகு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். வேளச்சேரியில் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில், தரைத் தளத்தில் குடியிருக்கிறார். ரிடையரான மனிதர். நீந்தத் தெரியாது. கடற்கரைக்குப் போனால்கூட, அலை வரும் இடத்துக்குப் பத்தடி முன்னாலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றுவிடுவார். அப்பேர்ப்பட்டவருடைய மேஜை டிராயரைத் திறந்தால் இன்று கட்டுக் கட்டாகப் படகு விளம்பரங்கள்!

இந்த ஆசை அவருக்கு வந்த தேதியை அத்தை சரியாகச் சொல்லுவாள். 2015 டிசம்பர் 2. முதல் நாள் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். அத்தை வீட்டில் இரவு பத்து மணிக்கு வாசல் கோலத்தைத் தொட்ட தண்ணீர், விடிவதற்குள் காஸ் சிலிண்டரைத் தூக்கி மிதக்க விட்டது. இருவரும் இரண்டாவது மாடிக்காரர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். மறுநாள் மத்தியானம், கடற்கரைக் குப்பத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டு வந்த ஒரு மீன் படகு அவர்கள் தெருவுக்குள் வந்தது. நான்கு மீனவப் பிள்ளைகள். மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "அம்மா, கையைக் குடுங்க, பயப்படாதீங்க" என்று அத்தையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மாமா ரேஷன் கார்டையும் பென்ஷன் புத்தகத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காசு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள்.

அன்று முதல் மாமாவுக்கு ஒரே எண்ணம். நமக்கென்று ஒரு படகு.

உலகத்தில் இப்படி ஏங்குகிறவர் அவர் ஒருவர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் 1955-லேயே ஒலிம்பியா மண்டபத்தில் படகுகளுக்கென்று ஒரு கண்காட்சி ஆரம்பித்தார்கள். குளிர் காலத்தில், கடல் பக்கம் தலை காட்ட முடியாத நாளில், குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் பெண்டு பிள்ளைகளோடு வந்து, வாங்க முடியாத படகுகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். 1963-ல் அவர்களுக்கும் ஒரு நல்ல காலம் பிறந்தது. ஒரு பத்திரிகையின் ஆதரவில் 'மிரர்' என்ற சின்னப் பாய்மரப் படகு அந்தக் கண்காட்சியில் வெளிவந்தது. விலை 63 பவுன் 11 ஷில்லிங். பெட்டியில் பலகைகளாக வரும். வீட்டுக் கொல்லையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டியது. எப்படிச் சேர்ப்பது? ரவிக்கை தைப்பது போலத்தான்! பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மேலே பிசின் தடவி ஒட்டிவிடுவது. சிவப்புப் பாய் கட்டிய அந்தப் படகு 70,000-க்கு மேல் உலகமெங்கும் பரவியது.

பலகையைத் தைத்துப் படகு செய்வது நம் சென்னைக் கரைக்குப் புதிசல்ல. துறைமுகம் கட்டுவதற்கு முன்னால், கப்பலிலிருந்து துரைமார்களையும் துரைசானிகளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவற்றில் ஓர் ஆணி கிடையாது, தென்னங்கயிற்றால் தைத்தவை. அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும்.

மாமாவும் இரண்டு தடவை கொச்சிக்குப் போய் வந்துவிட்டார். அங்கே சில வருஷங்களாகப் படகுக் கண்காட்சி நடந்து வருகிறது. இரண்டாம் தடவை அத்தையும் நானும் துணைக்குப் போனோம். நான் எதிர்பார்த்தது வெள்ளைத் தொப்பிப் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளை. அவையும் இருந்தன. ஒன்றின் உள்ளே சமையலறையே இருந்தது. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடி நேராகவே நிற்கும். பால் பொங்கினாலும் சிந்தாது. அத்தை அந்த அடுப்பை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் தனியாகக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

மாமா இந்த ஆடம்பரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஃபைபர் படகுகளின் பக்கத்தில் டேப்போடு நின்றுவிட்டார். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் 600-க்கும் மேற்பட்ட தங்கள் சொந்தப் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்குப் போனார்களே, அந்த ரகம். பெண்கள் ஏறுவதற்கு வசதியாக, தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாகக் கொடுத்த மீனவரின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மாமாவின் டேப் அளவுப்படி ஃபைபர் படகு அவர்கள் கார் நிறுத்தும் இடத்தில் அடங்காது. அடங்கினாலும், யந்திரம் வைத்த படகு தெருவுக்குள் ஆகாது என்றார் விற்பனைக்காரர். தண்ணீருக்குள் எந்தக் காம்பவுண்டுச் சுவர், எந்தக் கார் மறைந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? விசிறி தட்டினால் தீர்ந்தது. வேளச்சேரிக்கு வந்த பிள்ளைகள் மூங்கில் கழியை நம்பியதன் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்தது காற்றடைக்கும் ரப்பர் படகு. மடித்துப் பரணில் வைத்துவிடலாம். ஆனால் சுவர் மேல் பதித்த கண்ணாடிச் சில்லு ஒன்று பட்டால் போதும். ஒகேனக்கல் பரிசல் மாமாவுக்குப் பிடித்திருந்தது. மூங்கில் பின்னல், விலை குறைவு, முழங்கால் அளவுத் தண்ணீரிலும் மிதக்கும். "துடுப்புப் போடத் தெரியாதவங்க ஏறினா, நின்ன இடத்திலேயே ராட்டினம் சுத்தும். மூட்டு வலிக்காரர் நீங்க, யார் துடுப்புப் போடறது?" என்றாள் அத்தை.

நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அவள் கவலை வேறு. ஏழு வருஷம் கட்டி எடுத்த சீட்டுப் பணம் பாங்கியில் இருந்தது. மாமா அதைப் படகுக்குக் கேட்கிறார். அத்தைக்கோ அந்த வீட்டை விற்றுவிட்டு, கையிருப்பையும் சேர்த்து, எங்கேயாவது மேட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைச் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது. வீட்டில் இதைப் பற்றி வாய் விட்டுச் சண்டை வந்ததில்லை. சாப்பாட்டு வேளையில் பேச்சு நின்று போயிருந்தது. அது சண்டையை விடக் கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த நிலைமையில், சென்ற மாசியில் எங்கள் பெரியப்பாவின் பேத்திக்குக் காது குத்து. எல்லோரும் உத்திரமேரூர் போனோம். அத்தை பிறந்த ஊர் அது. என் அப்பாவுக்கும் அதுதான். காஞ்சிபுரம் ஜில்லாவில், வழி நெடுக வயலும் ஏரியுமாகப் போகும் பாதை. சாப்பாடு முடிந்த பிறகு பெரியப்பா எங்களை வைகுண்டப் பெருமாள் கோவில் மண்டபத்துக்கு அழைத்துப் போனார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதுப் பார்லிமெண்டுக்கு அடிக்கல் நாட்டியபோது டில்லியில்கூட இந்த ஊரின் பெயரைச் சொன்னார்கள்.

முப்பது குடும்பு, குடத்தில் ஓலை, எடுப்பதற்கு ஒன்றும் அறியாத ஒரு சிறு பையன் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே வந்தார். வாரிய அங்கத்தினருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். மாமாவுக்கு 71. "நீங்க அவுட்" என்றாள் அத்தை. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அவன் உறவினர்களுக்கும் இல்லை. (எந்தக் குடியிருப்புச் சங்கத்திலாவது இந்த விதி இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.) ஏரியைக் கவனிக்க மட்டும் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம்.

"அந்த ஏரியை இன்னும் நீ பார்க்கலையே" என்று பெரியப்பா கரைக்குக் கூட்டிப் போனார். கல்வெட்டில் அதன் பெயர் வைரமேக தடாகம். வைரமேகன் என்பது பல்லவன் தந்திவர்மனின் பட்டப் பெயர். மாசியிலும் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. மாமாவின் கை தானாகச் சட்டைப் பைக்குள் டேப்பைத் தேடிற்று.

அப்போதுதான் பெரியப்பா ஒரு விஷயம் சொன்னார். பல்லவ, சோழர் காலத்தில் தொண்டை நாட்டு ஏரிகளில் ஓடம் வைத்திருந்தார்கள். மீன் பிடிக்க அல்ல, சவாரிக்கு அல்ல, தூர் வார! மழை நீரோடு வரும் வண்டல் வருஷா வருஷம் ஏரியின் அடியில் தங்கிவிடும். வற்றட்டும் என்று காத்திருந்தால், வற்றாத பள்ளத்தில் சேறு ஏறிக்கொண்டே போகும். ஆகையால் தண்ணீர் இருக்கும்போதே சேற்றை வாரி, கூடை கூடையாக ஓடத்தில் ஏற்றி, கரையில் கொண்டு வந்து கொட்டுவார்கள். ஏரி ஆழமாகும், கரை உயரும். இந்த வேலைக்கென்று ஊர்ச் சபையிடம் பொன்னை ஒப்படைத்தவர்களின் தர்மங்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சபை பொன்னை முதலாக வைத்துக்கொண்டு, வட்டியில் வேலையை நடத்த வேண்டும்.

குடவோலையைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிறார்கள். ஓடத்தைப் பற்றி நான் அன்றுதான் முதல் தரம் கேட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "முதலைத் தொடவே இல்லையா?" என்றாள்.

"தொடக்கூடாது. வட்டி மட்டும்தான்."

"ஓடம் ஒருத்தர் வீட்டுதா, ஊருக்குப் பொதுவா?"

"தனி ஆளுக்கு ஏரியிலே ஏதம்மா ஓடம்?"

வேளச்சேரிக்கும் ஓர் ஏரி உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்திலேயே. இரண்டும் வீடுகளுக்கு இடம் கொடுத்துக் கொடுத்துச் சுருங்கிப் போனவை. மாமா வீட்டு அடுக்களையில் வந்து நின்றது வேறெங்கும் போக இடமில்லாத தண்ணீர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தையும் மாமாவும் பேசிக்கொண்டே வந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்ட பேச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துச் சங்கக் கூட்டத்தில் அத்தை எழுந்து நின்றாள். சீட்டுப் பணத்தில் ஒரு பங்கைத் தான் போடுவதாகவும், மற்ற வீட்டாரும் போட்டால் பாங்கியில் முதலீடாக வைத்து, தெருவுக்கு ஒரு படகும் உயிர் காக்கும் மிதவைச் சட்டைகளும் வாங்கலாம் என்றும், வட்டியில் பராமரிக்கலாம் என்றும் சொன்னாள். அந்த நிதியிலிருந்தே, ஏரியைத் தூர் வாரும்படி மனுக் கொடுக்கிற செலவும் நடக்கட்டும் என்றாள். வீடு விற்கும் பேச்சை எடுக்கவில்லை. அதை அவள் கைவிட்டதாக நான் சொல்லமாட்டேன். வருகிற மழை வரைக்கும் ஒத்தி வைத்திருக்கிறாள்.

தரைத் தளத்து ஆறு வீடுகளும் உடனே சம்மதித்தன. முதல் மாடி யோசிக்கிறது. படகை எந்த வீட்டுப் பரணில் வைப்பது என்று அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் எழுந்து, "எங்க வீட்டுக்குத் தண்ணீர் ஏறவே ஏறாது. எங்களுக்கெதுக்குப் படகு?" என்று கேட்டார்.

"பால் பாக்கெட் உங்க மாடி வரைக்கும் நீந்தியா வரும்?" என்றாள் அத்தை.