கைநாட்டு

வங்கிக் கவுண்டரில் பென்ஷன் வாங்க வரும் கிழவிகளின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம்தான். திருவொற்றியூர்ப் பக்கம் கேங்மேனாக இருந்தவர். ஜல்லியும் சம்மட்டியும் தேய்த்த விரல், ரேகையே விழாது. "என் ரேகையெல்லாம் தண்டவாளத்துல கீதுடா" என்பார்.

1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. கவர்னர் ஹாரிஸின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கே? 1951 ஏப்ரல் 14, அண்ணல் பிறந்த நாளில் தெற்கு ரயில்வே உருவானது. அதன் பிறகும் தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளியது எந்தச் சாதியின் கைகள்?

1974 மே 8 முதல் 27 வரை நாடே கண்ட ரயில்வே வேலைநிறுத்தம். தாத்தாவும் இறங்கினார். ஆயாவின் தோடு அடகுக்குப் போனது. அதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "கொடிய ஒண்ணாத்தான் புடிச்சோம். தண்ணிப் பானை மட்டும் தனித்தனி." வர்க்கம் பேசும் தோழர்கள் இந்தப் பானைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நானும் குற்றவாளிதான். ஆபீசில் "தாத்தா ரயில்வேயில் இருந்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கேங்மேன் என்று சொன்னதில்லை. அவர் சாகக் கிடந்தபோது வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊரை விட்டு வந்தார், ஏன் வந்தார் என்று கேட்கவில்லை. இனி கேட்க ஆளில்லை.

உங்கள் வீட்டில் இன்னும் ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கே போய்க் கேளுங்கள், எழுதுங்கள், இதழுக்கு அனுப்புங்கள். கைநாட்டு வைத்தவர்களின் வரலாற்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது நாம்தான்.