தலைக்கு எண்ணெய் வேண்டாம்!

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதியினால் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறதா? "பிராணவாயு அறையில் சிகிச்சை செய்து பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால் திகைக்காதீர்கள். மூடிய அறையில் காற்றழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக உயர்த்தி, சுத்தமான பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்வார்கள். தடவைக்குச் சுமார் 90 நிமிஷம். இப்படி 20 முதல் 40 தடவை. செலவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜலதோஷமோ நுரையீரல் கோளாறோ இருந்தால் மறைக்காதீர்கள்.

அழுத்தம் ஏறும்போது, மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குகையில் அடைப்பதுபோல் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் விட்டுவிடும். வலித்தால் பொறுத்துக்கொண்டிராமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

பிராணவாயு மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். ஆகவே தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம், சென்ட், நைலான் புடவை எதுவும் கூடாது. பருத்தி உடைதான். செல்போனும் வெளியேதான்!

உள்ளே இருக்கையில் சர்க்கரை இறங்கக்கூடும்; வெறும் வயிற்றுடன் அனுப்பாதீர்கள். சிலருக்குத் தூரப் பார்வை மங்கும். பெரும்பாலும் பிறகு தானே சரியாகிவிடும். அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

ஒன்றை மறவாதீர்கள்: இது துணைச் சிகிச்சைதான். புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் சர்க்கரையை அடக்குவதையும் விட்டுவிட்டால், காலைக் காப்பாற்ற இந்த அறையால் மட்டும் முடியாது.