பிரஷர் இருந்தால் உடம்பை அலட்டக் கூடாதா?

ஐம்பது வயதுக்காரருக்கு ரத்த அழுத்தம் 150/95 என்று தெரியவந்தால், வீட்டில் உப்பு குறைகிறதோ இல்லையோ, அவருடைய நடமாட்டம் குறைந்துவிடும். "இனிமே உடம்பை அலட்டிக்காதீங்க" என்பார் மனைவி. தண்ணீர்க் கேனை மகன் தூக்கிக்கொள்வான். மாடி வேலைக்கு வேறு யாராவது அனுப்பப்படுவார்கள். எல்லாம் பாசத்தினால் நடப்பவை. ஆனால் பிரஷர் உள்ளவர் உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்கு ஆபத்து என்ற நம்பிக்கை பெரும்பகுதி தவறு. பலருக்குக் கெடுதலும் செய்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் அது இவ்வளவு நாள் நீடிக்கிறது.

நடந்தால், ஓடினால் பிரஷர் ஏறும், ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு மேலும் ஏறினால் நரம்பு வெடித்துவிடும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் காரணம். ஏறுவது உண்மை. 130 இருந்த மேல் அளவு வேகநடையில் 160, 170 ஆகலாம்; கடுமையாக ஓடினால் 200ஐத் தொடலாம். ஆனால் கீழ் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கும், சிலருக்குச் சற்று இறங்கவும் செய்யும். அந்தக் கீழ் அளவைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. கடும் உழைப்பில் அது 15, 20 லிட்டராகிறது. ரத்தம் நான்கு மடங்கு பாய்ந்தால் அழுத்தமும் நான்கு மடங்கு ஆக வேண்டும் அல்லவா? ஆவதில்லை. வேலை செய்யும் தசைக்குள் இருக்கும் நுண்தமனிகள் அந்த நேரத்தில் விரிந்துகொடுக்கின்றன. ஓய்வில் ஐந்தில் ஒரு பங்கு ரத்தம்தான் தசைகளுக்குப் போகிறது. கடும் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு போகிறது. மோட்டார் எவ்வளவு வேகமாக இறைத்தாலும், வயலின் மடைகளையெல்லாம் திறந்துவிட்டால் வாய்க்கால் உடையாது. உடம்பு செய்வதும் அதுதான். நாள் முழுக்க, தூங்கும்போதுகூட, இறங்காமல் நிற்கும் அழுத்தம்தான் தமனிச் சுவரைத் தடிக்க வைக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அரைமணி நேரம் ஏறி இறங்குவதை அதோடு சேர்த்து எண்ணக் கூடாது.

பயிற்சியை நிறுத்தியதும் விரிந்த தமனிகள் உடனே பழைய நிலைக்குச் சுருங்கிவிடுவதில்லை. அதனால் பலருக்கு அடுத்த சில மணி நேரம் அழுத்தம் வழக்கத்தைவிடக் கீழேயே இருக்கிறது. மாதக்கணக்கில் தொடர்ந்து நடப்பவர்களுக்கு, சைக்கிள் மிதிப்பவர்களுக்கு, நீந்துபவர்களுக்கு, பிரஷர் இருந்தால், ஓய்வு நேர மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிகள் இறங்குகிறது. குறைந்த அளவு மாத்திரை ஒன்று தரும் பலனுக்கு இது கிட்டத்தட்ட ஈடு. ஏறும் என்று பயந்து நடையை விட்டவர், இறங்கும் வாய்ப்பையும் சேர்த்து விட்டுவிடுகிறார்.

அடுத்தது, இதயத்துக்கு ஆயுளுக்கு இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டு, ஓடி ஓடி அதைச் செலவழிக்கக் கூடாது என்பது. கணக்கென்றால் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 75 முறை துடித்தால் ஒரு நாளில் 1,08,000 துடிப்பு. பயிற்சியால் இதயம் பலப்பட்டு, ஓய்வுத் துடிப்பு 60 ஆகிவிட்டவர் தினம் ஒரு மணி நேரம் 130 துடிப்பில் உழைத்தாலும், மொத்தம் 90,600தான் வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளப் பழகிய இதயத்துக்கு அடிக்கடி துடிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த வாதத்தின்படியே பார்த்தாலும் துடிப்பை மிச்சம் பிடிப்பவர் நடப்பவர்தான்.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் உடற்பயிற்சிக்குப் பின் நெஞ்சுவலி வந்து இறந்தபோது, இந்தப் பயம் பல மடங்கு பெருகியது. ஜிம்முக்குப் போவதால்தான் சாகிறார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. ஒரு மரணத்தை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் கடும் உழைப்பு மாரடைப்பைத் தூண்டக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 1,200க்கும் மேற்பட்டவர்களை விசாரித்து 1993இல் வெளியான ஆய்வு இதைத்தான் அளந்தது. உடம்பே அசைக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று கடுமையாக உழைத்தவர்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வாரம் ஐந்து நாளோ அதற்கு மேலோ பழகியவர்களுக்கு அந்த உயர்வு இரண்டரை மடங்குக்கும் குறைவு. அதே உழைப்புதான், பழக்கம்தான் வேறு. ஆகவே பயப்பட வேண்டியது, பத்து வருடம் நாற்காலியில் இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு.

ஓய்வே இதயத்துக்கு நல்லது என்பவர்களுக்கு 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த சோதனையைச் சொல்ல வேண்டும். இருபது வயது மாணவர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதான அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்ததைவிட மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் பெரிதாக இருந்தது. லண்டன் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்து ஜெர்மி மாரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வும் உண்டு. நாளெல்லாம் படியேறிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக இருந்தது. டிரைவர்கள் ஆரம்பத்திலேயே பருமனாக இருந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்து மாரிஸே பிறகு அதைச் சுட்டிக்காட்டினார். அதனால்தான் டல்லஸ் சோதனையை முதலில் சொன்னேன்.

எடை தூக்கக் கூடாது என்ற எச்சரிக்கையில்தான் உண்மை அதிகம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1985இல், பளு தூக்கிப் பழகியவர்களின் தமனிக்குள்ளேயே அழுத்தத்தை அளந்தார்கள். இரண்டு காலாலும் அதிகபட்ச எடையைத் தள்ளும்போது சராசரி 320/250 வரை போனது. இறுகிய தசை தன் தமனிகளைத் தானே நெரிக்கிறது. மூச்சை அடக்கி முக்குவது அதோடு சேர்ந்துகொள்கிறது. பிரஷர் உள்ளவர் இந்த அளவுக்குப் போகவே கூடாது. பத்துப் பதினைந்து முறை சிரமமில்லாமல் தூக்க முடிகிற எடையை, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுச் செய்வது வேறு சங்கதி. தண்ணீர்க் கேனைத் தம் பிடித்துத் தூக்காமலிருந்தால் போதும்.

உட்கார்ந்திருக்கும்போதே 180/110ஐத் தாண்டுபவர்கள், நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது, தலை சுற்றுகிறது என்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அட்டெனலால், மெட்டோபிரலால் சாப்பிடுபவர்களுக்கு மருந்தே துடிப்பைக் கட்டிவைத்திருக்கும். நாடியை எண்ணி வேகத்தைக் கணிக்க முடியாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். நடையை முடித்ததும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து ஓய வேண்டும், இல்லையென்றால் ரத்தம் காலில் தேங்கிக் கிறுகிறுக்கும். வந்த கையோடு பிரஷர் பார்க்கவும் கூடாது. அப்போது 160 காட்டியதைப் பார்த்து நடையையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அரைமணி நேரம் போகட்டும், ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து எழுதிவையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் எண்கள் இறங்கியிருந்தால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும்.