மாத்திரையை நிறுத்தியவரின் வலி பொய்யல்ல

நரம்பு வலிக்காக மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர் ஒருநாள் அதைச் சட்டென்று நிறுத்துகிறார். ஓரிரு நாளில் பாதத்தில் போர்வை பட்டாலே துடிக்கிறார். இடுப்போடு நின்றிருந்த வலி உடம்பெங்கும் பரவுகிறது. தூக்கம் போகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, காரணமில்லாமல் மனம் பதறுகிறது. மருத்துவரிடம் போனால், “பழைய வியாதி திரும்பிவிட்டது, டோஸைக் கூட்டலாம்” என்கிறார். வீட்டிலோ “எல்லாம் மனசுதான்” என்கிறார்கள். பல நேரங்களில் இரண்டு பதிலுமே தவறு. மருந்தை நிறுத்திய விதத்தால் வந்த வலி அது. அதற்கு நோயாளி பொறுப்பல்ல. நிறுத்தும் முறையைச் சொல்லாமல் மருந்தைத் தொடங்கி வைத்தவர்களே பொறுப்பு.

இதைத் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்தை முன்வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து கழுத்தும் இடுப்பும் பிடித்துப்போனவர்கள் அங்கே ஏராளம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. சற்றுத் தெற்கே திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் பெரிய வியாதி என்றால் இன்றும் அங்கேதான் போகின்றன. சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். கால் எரிச்சலும் மதமதப்பும் அந்த நோயின் கூடவே வருபவை. மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மருந்துக்கடையில் “நரம்பு மாத்திரை” என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ப்ரீகாபலினோ காபாபென்டினோ கலந்த அட்டைதான்.

“கலந்த” என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ப்ரீகாபலினை மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அதனால் சாப்பிடுகிறவர் அதைச் சத்து மாத்திரை என்றே நம்பிவிடுகிறார். சத்து மாத்திரையை நினைத்தால் தொடங்கலாம், நினைத்தால் விடலாம் என்பதுதானே நம் வீட்டு வழக்கம்? ஊருக்குப் போகையில் மறந்துவிடலாம். கையில் பணம் இல்லாத மாதம் வாங்காமல் இருக்கலாம். எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கி வந்தவர், உள்ளூர்க் கடையில் அந்தப் பெயர் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். இப்படி விடுகிறவர்கள் யாரும் அலட்சியக்காரர்கள் அல்ல. விடக்கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உடம்புக்குள் நடப்பது இது. நரம்பு முனைகளில் கால்சியம் உள்ளே நுழையும் வாய்க்கால்கள் உண்டு. ப்ரீகாபலினும் காபாபென்டினும் அந்த வாய்க்காலின் ஒரு பகுதியில் ஒட்டிக்கொண்டு, வலிச் செய்தியைக் கடத்தும் ரசாயனங்கள் மிகுதியாக வெளியேறாமல் தடுக்கின்றன. பாதி அடைத்த மதகு போல. மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் நரம்பு மண்டலம் அந்த அடைப்புக்குப் பழகிவிடுகிறது. ஒரே நாளில் திறந்துவிட்டால், தேங்கியதெல்லாம் சேர்ந்து பாய்கிறது. காபாபென்டினைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, வலி ஆகியவை வரும் என்று பிரிட்டனில் அந்த மருந்துக்கான அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது. ப்ரீகாபலினுக்கான குறிப்பிலும் வலி இடம்பெற்றிருக்கிறது. வலிப்பு வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. ஆக, “மனசுதான்” என்று ஒதுக்கப்படும் அந்த வேதனை, மருந்து தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கும் ஒன்று.

எழுதி வைத்தது நோயாளியின் கைக்கு வருகிறதா? வருவதில்லை. கடையில் பத்து மாத்திரை வெட்டிக் கொடுக்கும்போது குறிப்புத் தாள் பெட்டியோடு அங்கேயே நின்றுவிடுகிறது. அட்டையின் முதுகில் உள்ள பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. மலையாளத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. மருத்துவரின் சீட்டில் “இரவு ஒன்று, இரண்டு மாதம்” என்று மட்டும் இருக்கிறது. இரண்டு மாதம் முடிந்த மறுநாள் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

நிறுத்தும் முறை ஒன்றும் ரகசியமல்ல. குறைந்தது ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது மருந்தின் குறிப்பிலேயே உள்ளது. நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு அதுவும் போதாது. ப்ரீகாபலினின் நாளளவை வாரத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்கு மேல் குறைக்கக் கூடாது, காபாபென்டினை நான்கு நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குறைக்கக் கூடாது என்று பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை 2014-லேயே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. 2019 ஏப்ரலில் அந்நாடு இரண்டு மருந்துகளையும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. 2022-இல் இத்தகைய மருந்துகளை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது என்று அங்கே தனி வழிகாட்டுதலே வந்தது.

மருந்து நிறுவனங்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். காபாபென்டினை அனுமதி பெறாத நோய்களுக்கெல்லாம் தள்ளிவிட்டதற்காக வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 2004-இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. 2009-இல் ஃபைசர் நிறுவனம் 230 கோடி டாலருக்கு முடித்துக்கொண்ட வழக்கில் இடம்பெற்ற மருந்துகளில் ப்ரீகாபலினும் ஒன்று. தேவையில்லாதவர்களுக்குக் கொடுத்தால்தானே பிறகு நிறுத்த வேண்டிய தொல்லை! இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு ப்ரீகாபலின் பயன்படுகிறதா என்று ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை. பக்கவிளைவுதான் கூடுதலாக வந்தது. அதற்குப் பிறகும் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிற இளைஞருக்கு எல்லாம் இதையே எழுதித் தருவதை மருத்துவம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

அதே நேரத்தில், இந்த மருந்தையே வில்லனாக்குவது பெரிய அநியாயம். சர்க்கரை நோயில் கால் எரிந்து இரவெல்லாம் விழித்திருந்தவர், அக்கி வந்துபோன பின்னும் நெஞ்சைச் சுற்றி நெருப்பு வலி விடாதவர், இவர்களில் பலருக்கு இது நிம்மதியான தூக்கத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. போதைக்காகச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காகப் பஞ்சாபின் சில மாவட்டங்களில் 75 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ப்ரீகாபலின் விற்பனைக்கே தடை போட்டார்கள். அப்படிப்பட்ட ஆணை வரும் நாளில், கிடைக்காமல் திடீரென்று நிறுத்த நேரும் உண்மையான நோயாளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? மார்ஃபினுக்கு நடந்தது நமக்குத் தெரியும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் அதை ஒதுக்கிவைக்க, புற்றுநோயாளிகள் வலியிலேயே செத்தார்கள். அதை மாற்ற திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

வலியோடு இருப்பவர் சொல்வதை நம்ப வேண்டும் என்று நாட்டுக்கே கற்றுக்கொடுத்த மாநிலம் கேரளம். 2008-இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று முதன்முதலில் கொள்கை வகுத்த மாநிலமும் அதுதான். ஆன்டிபயாடிக் மருந்தைச் சீட்டில்லாமல் விற்கும் கடைகளை 2024-இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று இறங்கிப் பிடித்தது. அந்த மருந்தை விழிப்புணர்வு வாசகம் அச்சிட்ட நீல உறையில் போட்டுத் தரவும் ஏற்பாடு செய்தது. அதே அக்கறையை நரம்பு மாத்திரைக்கும் காட்ட என்ன தடை? உறைமீது மலையாளத்திலும் தமிழிலும், “மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள்” என்ற ஒரு வரி போதும். தமிழ்நாட்டு அரசுக்கும் இதையே சொல்கிறோம். வலி மாத்திரையை ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பிடிப்பதில் காட்டும் வேகத்தில் ஒரு பங்கை, சீட்டோடு வாங்கி முறையாகச் சாப்பிடும் முதியவர்களுக்கும் காட்ட வேண்டும்.

மருத்துவர்களிடம் நாம் கேட்பது இன்னும் எளியது. இந்த மருந்தை எழுதும் அதே சீட்டில், அதை எப்படிக் குறைப்பது என்பதையும் எழுதுங்கள். நிறுத்திய பின் வலி கூடியது என்று ஒருவர் வந்தால், டோஸைக் கூட்டுவதற்கு முன், “எப்போது நிறுத்தினீர்கள், எப்படி நிறுத்தினீர்கள்?” என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறுவது சிறுநீரகத்தின் வழியாகத்தான்.

இந்த மாத்திரை சாப்பிடுகிற வாசகர்களே, அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் என்று இன்றே பாருங்கள். தீர்ந்துபோகும் முன் மருத்துவரிடம் போங்கள். குறைப்பதற்கான கணக்கை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்; அது உங்கள் உரிமை. ஏற்கெனவே நிறுத்திவிட்டு வலியில் இருப்பவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.