நல்ல நாடகம் வந்தால் குடும்பத்தோடு போங்கள்!

ஊரில் ஒரு புதிய நாடகம் நடக்கிறது. நல்ல கதை. நன்றாகவும் நடிக்கிறார்கள். ஆனால் அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன.

பல ஊர்களில் காணும் காட்சி இது.

"வீட்டிலே டி.வி. இருக்கிறது. கையிலே செல்போன் இருக்கிறது. நாடகத்துக்கு வேறு போக வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

"சமூக நாடகமா? இரண்டு மணி நேரம் புத்திமதி சொல்வார்கள். நமக்கு வேண்டாம்!" என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டு பேச்சும் சரியல்ல. ஏன் என்று பார்ப்போம்.

சட்டத்துக்கு முன்னே வந்த நாடகம்

ஒரு காலத்தில் சின்னஞ்சிறு பெண்களைப் பணத்துக்காகக் கிழவர்களுக்குக் கட்டிவைக்கும் கொடுமை நம் நாட்டில் இருந்தது. தாலி ஏறிய சில ஆண்டுகளிலேயே அந்தக் குழந்தைகள் விதவை ஆனார்கள்.

இதைப் பற்றி குரஜாட அப்பாராவ் என்பவர் தெலுங்கில் "கன்யாசுல்கம்" என்ற நாடகத்தை எழுதினார். இன்று ஆந்திராவில் உள்ள விஜயநகரத்தில், 1892-ம் ஆண்டு அது மேடை ஏறியது. அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது.

சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட நாடகம் அது. ஆனால் சிரித்து முடித்தவர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

37 ஆண்டுகள் கழித்து, 1929-ல், குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் வந்தது. ஒரு நாடகமே அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பலர் பாடுபட்டார்கள். ஆனால் ஒரு சட்டம் வருவதற்கு முன், "இது தவறு" என்று ஜனங்களின் மனதில் பட வேண்டும் அல்லவா? நாடகம் செய்தது அந்த வேலையைத்தான்.

தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது. பணக்காரரின் கொடுமையையும், ஏழை வேலைக்காரப் பெண்ணின் மானத்தையும் பேசியது அறிஞர் அண்ணாவின் "வேலைக்காரி". செல்வச் செருக்கில் தாயையும் மனைவியையும் மதியாதவன், நோயில் விழுந்து பிச்சை எடுக்கும் கதைதான் "ரத்தக்கண்ணீர்". திருவாரூர் தங்கராசு எழுதினார். எம்.ஆர்.ராதா நடித்தார். இவை நாடகமாகப் புகழ் பெற்ற பிறகுதான் சினிமாப்படங்கள் ஆயின. "வேலைக்காரி" 1949-லும், "ரத்தக்கண்ணீர்" 1954-லும் படமாக வந்தன.

போலீஸ் தடை நீங்கியது

நாடகத்தின் சக்தி ஆட்சியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அதற்கு விலங்கு பூட்டினார்கள்.

1876-ல் பிரிட்டிஷ் சர்க்கார் நாடகங்களை அடக்க ஒரு சட்டம் போட்டது. சுதந்திரம் வந்த பிறகு, 1954-ல், சென்னை ராஜ்யத்திலும் ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர்.ராதாவை மனதில் வைத்துத்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்று பேசப்பட்டது. நாடக வசனத்தைப் போலீசாரிடம் முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்க வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

"பரீக்ஷா" நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி, இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013-ல் சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பு அளித்தது. 1876-ம் ஆண்டுச் சட்டமும் 2018-ல் ரத்தாயிற்று.

விலங்கு உடைந்தது. இன்று நாடகத்தை நிறுத்துவது போலீசார் அல்ல, காலி நாற்காலிகள்தான்!

எந்த நாடகத்தைப் பார்ப்பது?

"எதைப் பார்ப்பது?" என்று கேட்பவர்களுக்கு நான்கு நாடகங்களைச் சொல்லுவோம்.

முதலாவது, கோமல் சுவாமிநாதனின் "தண்ணீர் தண்ணீர்". 1980-ல் மேடை ஏறியது. மறு ஆண்டே கே.பாலசந்தர் இதைப் படமாக எடுத்தார். அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம். குடிக்கத் தண்ணீர் இல்லை. மனுக் கொடுத்துப் பார்க்கிறார்கள், பயன் இல்லை. தாங்களே வாய்க்கால் வெட்டப் போகிறார்கள், அதற்கும் தடை! குடத்தோடு வரிசையில் நின்ற ஒவ்வொரு தாய்க்கும் இது சொந்தக் கதை.

இரண்டாவது, "மொளகாப் பொடி". எழுத்தாளர் பாமாவின் சிறுகதை இது. ஸ்ரீஜித் சுந்தரம் இதை நாடகம் ஆக்கினார். "கட்டியக்காரி" குழுவினர் நடித்தார்கள். புல் அறுக்க வரும் ஏழைப் பெண்களின் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவுகிறாள் நிலக்காரி. கொடுமை செய்பவளும் பெண். கொடுமைக்கு ஆளாகிறவளும் பெண். நடுவில் நிற்பது சாதி. ஆனால் இந்தப் பெண்கள் அழுதுகொண்டே இருப்பவர்கள் அல்லர். வாய்த் துடுக்கும் சிரிப்பும் அவர்களிடம் உண்டு.

மூன்றாவது, "மஞ்சள்". 2017-ல் சென்னையில் அரங்கேறியது. பத்திரிகையாளர் பாஷா சிங் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டு ஜெயராணி எழுதினார். இதற்கும் ஸ்ரீஜித் சுந்தரம்தான் இயக்குநர். மனிதன் கழித்த மலத்தை மனிதனே அள்ளும் இழிவைப் பற்றிய நாடகம் இது.

இந்த வேலையைத் தடை செய்து 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. ஆனாலும் சாக்கடைக் குழியில் மனிதர்கள் சாவது நிற்கவில்லை. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பணம் வரும், போன அப்பா வருவாரா? அந்தக் கேள்வியைத் தீர்ப்பு கேட்காது. நாடகம் கேட்கும்.

நான்காவது, கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய "ஔவை". ஔவை என்றால் நமக்குக் கூன் விழுந்த பாட்டிதான் நினைவுக்கு வருவாள். இந்த நாடகத்தில் வருபவள் சங்க காலத்து ஔவை. இளம் பெண். ஊர் ஊராகச் சென்று பாடுகிறாள். மன்னனோடு சரிசமமாகப் பேசுகிறாள். அறிவுள்ள பெண்ணை நாம் ஏன் கிழவி ஆக்கினோம்? வீட்டில் பெண் பிள்ளை உள்ளவர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சமூக நாடகம் என்று பெயர் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது. மேடையில் ஏறிச் சொற்பொழிவு செய்வது நாடகம் ஆகாது. "குடிக்காதே!" என்று பத்துத் தடவை கத்துவதைவிட, குடிகாரனின் மகள் பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பதைக் காட்டினால் போதும். பார்ப்பவருக்குப் புரியும்.

ஒரு சின்ன சோதனை சொல்லுவோம். நாடகம் முடிந்து வீட்டுக்கு நடந்து போகும்போது, "பாவம், அவர்கள்!" என்று மட்டும் தோன்றினால் அது பாதி நாடகம். "இதில் நமக்கும் பங்கு இருக்கிறதோ?" என்று தோன்றினால் அது முழு நாடகம்.

டி.வி.யில் பிடிக்காத காட்சி வந்தால் பொத்தானை அழுத்திவிடலாம். நாடகத்தில் அது முடியாது. உயிருள்ள ஒரு மனிதர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். அவருடைய மூச்சு கேட்கிறது. தெருவில் நாம் பார்க்காமல் கடந்து போகும் துப்புரவுத் தொழிலாளியை அங்கே பார்த்துத்தான் ஆக வேண்டும். நாடகத்தின் பலமே அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

இந்த நாடகங்கள் தினந்தோறும் நடப்பவை அல்ல. பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் நடக்கின்றன. ஆகையால் சும்மா காத்திருந்தால் நம் ஊருக்கு வராது. நாம்தான் அழைக்க வேண்டும்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவா? மகளிர் குழுவின் கூட்டமா? நூலக விழாவா? தொழிற்சங்க மாநாடா? ஒரு நாடகத்துக்கு இடம் கொடுங்கள். நடிகர்களுக்குச் சாப்பாடும், வழிச் செலவும், உழைப்புக்கு உரிய கூலியும் கொடுங்கள். "கலைச் சேவைதானே!" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

போகும்போது குடும்பத்தோடு போங்கள். பாட்டியையும் அழைத்துப் போங்கள். வளர்ந்த பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் அவர்களிடம், "உனக்கு யாரைப் பிடித்தது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

நாடகம் பார்க்க வழி இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. "தண்ணீர் தண்ணீர்", "ஔவை" ஆகியவை புத்தகமாகவும் வந்திருக்கின்றன. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற அம்மாவுக்குச் சின்ன வசனமாகப் பார்த்துக் கொடுங்கள். நாடகத்தில் வசனங்கள் சிறியவை. பேசுவது போலவே இருக்கும். படிப்பும் வளரும், பேச்சும் வளரும்.

நாடகம் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்துவிடாது. வறண்ட ஊருக்குத் தண்ணீர் கொண்டு வந்துவிடாது. ஆனால், "இது அவர்கள் விதி" என்று சொல்லிக்கொண்டிருந்தவரை, "இது நம் தவறு" என்று சொல்ல வைக்கும். மற்ற காரியங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் நாடக நோட்டீசைக் கண்டால் ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். நின்று படியுங்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் ஒரு சினிமாவை விட்டாவது அந்த நாடகத்துக்குப் போங்கள்!