சேமநிதியும் கஷ்டகாலமும்

திருக்கோகர்ணத்தில் வாழும் ஆலைத் தொழிலாளி ஒருவன் வேலையை இழப்பானாயின், முதலில் நாடுவது தன் சேமநிதியையே. 1952-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட அந்நிதி அவன் உழைப்பின் ஊதியம். எவரும் இட்ட பிச்சையன்று.

2020-ல் கொரோனா பரவியபோது, மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் நூற்றுக்கு 75 பங்கு, இவற்றுள் குறைந்ததை எடுக்கச் சர்க்கார் அநுமதித்தனர். அது நியாயமே. 2025 அக்டோபர் 13-ல் சேமநிதியின் மத்திய அறங்காவலர் வாரியம் வேறொரு முடிவு செய்தது. வேலையிழந்தவன் 75 பங்கை உடனே பெறலாம். எஞ்சிய 25 பங்குக்கு, முன்பிருந்த 2 மாதத்துக்குப் பதிலாக 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

முதுமைக்கு மிச்சம் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விதைநெல்லைக் குத்தித் தின்பவன் விரும்பியா தின்கிறான்? ஈ.எஸ்.ஐ. தொழிலாளருக்கு 2018-ல் ஏற்படுத்திய வேலையின்மை நிவாரணம், 2020-ல் உயர்த்தப்பட்ட பின்னரும், 90 நாள் வரை பாதிச் சம்பளமே. அதுவும் ஆயுளில் ஒரு முறை. அதன்பின் முதுமைக்கென வைத்த பணமே அடுப்புக்கு விறகாகிறது.

பெட்டிக்குப் பூட்டிடும் சர்க்கார் பானைக்கு அரிசியிடவும் கடமைப்பட்டவர்கள். நிவாரணக் காலத்தை முதலில் நீட்டுக. பூட்டின் நியாயத்தைப் பிறகு பேசுவோம்.