பேரன் கேட்கும் பாட்டு



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மேசைமேலேயே வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். பேரன் எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ராக் பாட்டு கேட்கிறானாம். ஒருநாள் இவரும் வாங்கிக் கேட்டிருக்கிறார். அத்தனை இரைச்சலுக்கு நடுவே இயேசுவின் பெயர் வந்ததாம். பக்திக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று என்னைக் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. பேரனுக்குப் பிடித்தது தனக்குப் புரியவில்லையே என்ற தவிப்புதான் இருந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போய்விட்டது. இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், எல்லோரும் படிக்கட்டும்.

ஐயா, உங்கள் பேரன் கேட்கும் இசை எங்கே வளர்ந்தது என்று சொல்ல, 1980களின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும். அங்கே சன்செட் ஸ்ட்ரிப் என்றொரு தெரு. இரவானால் ராக் கிளப்புகளில் கூட்டம் நெரியும். தோள்வரை முடி, இறுக்கமான உடை, முகத்தில் மை, காதைப் பிளக்கும் கிதார். அந்த நகரத்து மோட்லி க்ரூ குழு 1983இல் சாத்தானின் பெயரையே தலைப்பில் வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டது, அது அமோகமாக விற்றது. அதே கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த இன்னொரு குழு ராக்ஸ் ரெஜீம். மைக்கேல் ஸ்வீட் பாடி, கிதாரும் வாசித்தார். அண்ணன் ராபர்ட் ஸ்வீட் டிரம்ஸ். இன்னொரு கிதார் ஆஸ் ஃபாக்ஸ், பேஸ் கிதார் டிம் கெய்ன்ஸ்.

ஸ்வீட் சகோதரர்கள் 1970களில், சிறுவர்களாக இருந்தபோதே, குடும்பத்தோடு கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தவர்கள். பிறகு கிளப் வாழ்க்கை அவர்களை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது. இருபது வயதை ஒட்டிய பருவத்தில் மறுபடியும் திரும்பினார்கள். திரும்பியவர்கள் கிதாரைக் கீழே வைக்கவில்லை, முடியையும் வெட்டிக்கொள்ளவில்லை. பாட்டின் பொருளை மாற்றினார்கள், குழுவின் பெயரையும் மாற்றினார்கள். புதுப்பெயர் ஸ்ட்ரைப்பர்.

அந்தப் பெயரில் ஒரு நயம் இருக்கிறது. அதற்கு அடியில் இருப்பது ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் 5ஆம் வசனம். அங்கே நம் தமிழ் வேதாகமத்தில் 'தழும்புகள்' என்று வரும். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலோ சாட்டையடியின் தடத்துக்கு 'ஸ்ட்ரைப்ஸ்' என்று போட்டிருக்கிறார்கள். புலியின் மேலுள்ள வரிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆகவே இந்த நால்வரும் மஞ்சளும் கறுப்புமாக வரி வரியாய் உடுத்தினார்கள். கிதார், டிரம்ஸ், மேடை என எங்கும் அதே வரி. பார்ப்பவருக்கு அது புலிவேஷம் மாதிரி இருக்கும். வசனம் தெரிந்தவருக்கு அது காயத்தின் தடம். தமிழில் வரி வேறு, தழும்பு வேறு என்பதால் இந்தச் சிலேடை நம் மொழிக்கு வராது. எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு.

1984இல் எனிக்மா என்ற சுயாதீன நிறுவனம் அவர்களுடைய முதல் பதிவை வெளியிட்டது. பெயர் 'தி யெல்லோ அண்ட் பிளாக் அட்டாக்'. மொத்தமே ஆறு பாட்டுதான். முழு ஆல்பம் என்று சொல்லவே சிலர் தயங்குவார்கள். 1986இல் இரண்டு பாட்டு சேர்த்து மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

நான் முதன்முதலில் கேட்டது அண்ணனின் நண்பர் கொடுத்த கேசட்டில், பதிவின் பதிவாக, நாடா இரைச்சலோடு. முதல் பாட்டு 'லவுட் அண்ட் கிளியர்'. எங்கள் கோலம் இது, எங்கள் சத்தம் இது, நாங்கள் பாடுவது இன்னாருக்காக என்று எடுத்த எடுப்பிலேயே அறிவித்துவிடுகிற பாட்டு. அன்று எனக்கு ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனால் மெட்டு பிடித்துக்கொண்டது. இந்த வகை இசையை 'மெலடிக் ஹார்ட் ராக்' என்பார்கள். கிதார் எவ்வளவு உறுமினாலும் டிரம்ஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் மெட்டு அமுங்கிப் போகாது. பாட்டு முடிந்தபிறகு பாத்திரம் கழுவும்போதுகூட அதை முணுமுணுக்கலாம். மைக்கேலின் குரல் மெல்லிய கம்பிபோல, பிசிறில்லாமல், மேல் ஸ்தாயியில் போய் நிற்கும். அடியில் மற்றவர்களின் குரல்கள் அடுக்கடுக்காகச் சேரும். கோவில் பாடகர் குழுவில் நான்கு பாகமாகப் பாடக் கேட்டவர்களுக்கு அந்த அடுக்கு உடனே பிடிபடும். இரண்டு கிதாரும் ஒரே மெட்டை வேறு வேறு சுருதிப்படியில் ஜோடியாக வாசிக்கிற இடங்கள் வரும்போது இன்றைக்கும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. ஒலிப்பதிவில் செலவுச் சுருக்கம் தெரிகிறது. வரிகள் சில இடங்களில் எளிமையாக, பதின்வயதுப் பையன் சொல்வதுபோல இருக்கும். அடுத்த ஆண்டே வந்த 'சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட்' இதைவிடத் தேர்ந்த வேலை. ஆனாலும் என் மனம் முதல் பதிவிடமே திரும்பிப் போகிறது. யார் கேட்கப்போகிறார்கள் என்ற நிச்சயமே இல்லாமல் செய்தது அது. கிளப்பில் பியர் குடிக்க வந்தவர்கள் இயேசுவைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் அல்ல. சபைக்குப் போகிறவர்களுக்கோ இந்தக் கோலமே ஆகாது.

நடந்ததும் அதுதான். மேடையிலிருந்து அவர்கள் கையடக்கப் புதிய ஏற்பாடுகளைக் கூட்டத்துக்குள் வீசினார்கள். கேலி செய்தவர்கள் உண்டு, எடுத்துப் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு. அரங்கத்துக்கு வெளியே விசுவாசிகள் கண்டன அட்டைகளோடு நின்றார்கள். கடுமையாகக் கண்டித்த போதகர்களில் ஒருவர் ஜிம்மி ஸ்வாகர்ட். ஸ்வீட் குடும்பம் நம்பிக்கைக்கு வந்ததே தொலைக்காட்சியில் அவருடைய பிரசங்கம் கேட்டுத்தான். கைபிடித்து நடக்கச் சொல்லிக்கொடுத்தவரே வாசற்கதவைச் சாத்தினால் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. 1986இல் வந்த 'டு ஹெல் வித் த டெவில்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதிலிருந்த 'ஹானஸ்ட்லி' அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் 23ஆம் இடம்வரை ஏறியது. இன்று உலகமெங்கும் கிறிஸ்தவ ராக் வாசிக்கிற பிள்ளைகளில் பலர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

ஐயா, சத்தம் எதற்கு என்று கேட்டீர்கள். அந்தத் தெருவில் பேசிய பாஷை அது. அவர்கள் வளர்ந்த பாஷை, அவர்களுக்குத் தெரிந்த பாஷை. வேறு பாஷையில் பாடியிருந்தால் அது இரவல் குரலாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு யோசனை சொல்கிறேன். அந்த முதல் பதிவில் 'லவ்விங் யூ' என்றொரு நிதானமான பாட்டு இருக்கிறது. யாருக்கென்று தெரியாமல் கேட்டால் காதலிக்குப் பாடுவதாகவே தோன்றும். பாடப்படுகிறவர் கடவுள். ஆழ்வார் பாசுரங்களில், தன்னைக் காதலியாக வைத்துக் கடவுளைப் பாடும் நாயகி பாவத்தை வகுப்பில் நடத்தியிருக்கும் உங்களுக்கு அது விசித்திரமாக இராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பேரனைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை வெளியில் கேட்கும்படி போடச் சொல்லுங்கள். நாயகி பாவம் என்றால் என்னவென்று நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். கிதார் எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று அவன் உங்களுக்குச் சொல்லட்டும். என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்